அப்பாவின் மூக்கும் எழுபதாயிரம் ரூபாயும்

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது முப்பத்தெட்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் சோனி ஏ6400 கேமராவை, அதனுடன் வரும் 16-50 கிட் லென்ஸோடு வாங்கினார். வீட்டில் ஏழு வயது மகள், எழுபத்து நான்கு வயதுத் தந்தை. அம்மா சென்ற ஆண்டு காலமானபோது மாலை போட ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. ஆதார் அட்டையிலிருந்த முகத்தைப் பெரிதாக்கி, ஸ்டுடியோக்காரர் கணினியில் பட்டுப்புடவை ஒட்டிக் கொடுத்ததைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். “அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒரு அம்மாளைப் பார்ப்பது போலிருக்கிறது. அப்பாவுக்கு அப்படி நேரக் கூடாது” என்று எழுதுகிறார்.

சீட்டு எடுத்த பணம் எழுபதாயிரம் கையில் இருக்கிறது. சிக்மா 18-50 எஃப் 2.8, டாம்ரான் 17-70 எஃப் 2.8, சோனி 18-105 எஃப் 4 என்று மூன்று ஜூம் லென்ஸ்களுக்கிடையே தடுமாறுகிறார். (பெயரில் முதலில் வரும் எண்கள் ஜூம் எட்டும் மில்லிமீட்டர்; அது கூடக் கூடக் காட்சி பெரிதாக விழும். ‘எஃப்’ எண் லென்ஸின் துளையைக் குறிப்பது; எண் குறைந்தால் துளை பெரிது.) வீட்டுப் படம், கோயில், பள்ளி ஆண்டு விழா, அப்பாவின் உருவப்படம் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு லென்ஸ் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது என்கிறார். இப்போதைய லென்ஸில் அப்பாவின் மூக்கு புடைத்தும் முகம் கருத்தும் விழுகிறது, மகள் எப்போதும் கலங்கியே விழுகிறாள் என்பது மனக்குறை. “மொபைலில் எடுத்தால் போதாதா?” என்பது கணவரின் கேள்வி. பில் இல்லாமல் வாங்கினால் நாலாயிரம் குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னாராம்; அதையும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு பதினோரு படங்களையும் அனுப்பியிருந்தீர்கள். கடிதம் சொல்லாததை அவை சொல்லின. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் அது எத்தனை மில்லிமீட்டரில், எந்த அப்பர்ச்சரில் (துளை எவ்வளவு திறந்து), என்ன ஷட்டர் வேகத்தில் (எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விட்டு) எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். பதினொன்றில் எட்டு, 16 மி.மீ.யில் எடுத்தவை. காரணத்தை ஊகிக்க முடிகிறது. உங்கள் கிட் லென்ஸ் மோட்டாரில் இயங்குவது. கேமராவை அணைத்தால் உள்ளே சுருங்கிக்கொள்ளும். மறுபடி இயக்கினால் 16-இல்தான் கண் விழிக்கும். குழந்தை சிரிக்கிற அவசரத்தில் யார் ஜூம் செய்துகொண்டிருப்பார்கள்? அப்படியே நெருங்கிப் போய் எடுத்துவிடுகிறீர்கள். ஆக, உங்கள் லென்ஸின் 50 மி.மீ. முனையோடு உங்களுக்கு இன்னும் சரியாக அறிமுகமே ஆகவில்லை. புதிய லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

மூக்கு புடைப்பது லென்ஸின் பழுதா?

இல்லை. அது நீங்கள் நின்ற இடத்தின் விளைவு. திண்ணையில் அப்பா உட்கார்ந்திருக்கும் மூன்றாவது படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலையும் தோளும் சட்டத்தை நிரப்பும்படி 16 மி.மீ.யில் எடுக்க வேண்டுமானால், முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் நின்றாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறக்குறைய ஐந்து அங்குலம். கேமராவிலிருந்து மூக்கு பதினெட்டு அங்குலத்தில், காது இருபத்து மூன்று அங்குலத்தில். பக்கத்திலிருப்பது பெரிதாகத் தெரியும் என்ற பழைய கணக்குப்படி, காதோடு ஒப்பிட மூக்கு கால் பங்குக்கு மேல் ஊதித் தெரிகிறது. காதுகள் பின்னால் போய் ஒளிந்துகொள்கின்றன. அதே முகத்தை 50 மி.மீ.யில் அதே அளவுக்கு எடுக்க ஐந்து அடி பின்னால் போக வேண்டும். வேறுபாடு எட்டு விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 70 மி.மீ.யில் ஏழு அடி. அங்கே ஆறுக்கும் கீழே.

ஐந்து அடியிலிருந்து ஏழு அடிக்குப் போவதால் கிடைப்பது கொஞ்சம்தான். ஒன்றரை அடியிலிருந்து ஐந்து அடிக்குப் போவதால் கிடைப்பதோ ஏராளம். அந்த ஏராளத்தைச் செலவில்லாமல் இன்றைக்கே பெறலாம். நாம் ஒருவரோடு உட்கார்ந்து பேசும் தூரம் அநேகமாக நாலைந்து அடி. அந்தத் தூரத்தில் பதிந்த முகத்தைத்தான் ‘அப்பா’ என்று மனம் அடையாளம் காண்கிறது என்று நினைக்கிறேன். அம்மாவின் ஆதார் படம் அம்மாவாகத் தெரியாததில் பட்டுப்புடவைக்கு மட்டும் பங்கில்லை. மேசைமேல் பொருத்திய சிறு கேமராவுக்கு முன்னால் எத்தனை பேர் தங்கள் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்?

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். “உருவப்படத்துக்கு 85 மி.மீ. வேண்டும் என்கிறார்கள், 70 போதுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 85, ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சார் கேமராவுக்குச் சொன்ன கணக்கு. உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது. எந்த லென்ஸையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 50 என்பது 75 போல, 70 என்பது 105 போல நடந்துகொள்ளும். மூன்று லென்ஸும் உருவப்படத்துக்குப் போதும்.

எஃப் 2.8 என்ன செய்யும், என்ன செய்யாது

முகம் கருத்து விழுவதை எஃப் 2.8 தீர்த்துவிடும் என்று நம்புகிறீர்கள். தீர்க்காது. அப்பா வெள்ளைப் பனியனில், வெள்ளையடித்த சுவருக்கு முன் உட்கார்ந்திருக்கிறார். கேமராவுக்கு அப்பாவும் தெரியாது, சுவரும் தெரியாது. சட்டம் முழுக்க வெளிச்சமாக இருக்கிறதே என்று பயந்து, எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இறக்கிவிடுகிறது. சுவர் அழுக்காகிறது, நம் ஊர் மாநிறம் கரியாகிறது. பெரிய அப்பர்ச்சரைக் கொடுத்தாலும் கேமரா ஷட்டரை வேகமாக்கி அதே இருட்டுக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தும். மருந்து வேறு: படம் எவ்வளவு வெளிச்சமாக விழ வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் வெளிப்பாட்டுத் திருத்தத்தைக் கூட்டல் பக்கம் 0.7 அல்லது 1 வைத்து எடுங்கள். உங்கள் கேமராவில் பின்புறச் சக்கரத்தின் அடிப்பகுதியை அழுத்தினால் அந்த அளவுகோல் வரும். கல்யாண வீடுகளில் கறுத்த மாப்பிள்ளையை வெள்ளை வேட்டியோடு எடுத்து எடுத்துக் கற்ற பாடம் இது. அந்தக் காலத்தில் பிலிம் கழுவி வந்த பிறகுதான் தப்பு தெரியும். திட்டும் சேர்ந்தே வரும்.

எஃப் 2.8 உண்மையில் இரண்டு வேலை செய்யும். ஒன்று, வெளிச்சம். உங்கள் கிட் லென்ஸ் 50 மி.மீ.யில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 4 அதைப் போல இரு மடங்கும், எஃப் 2.8 நான்கு மடங்கும் வெளிச்சத்தை உள்ளே விடும். மாலையில் டியூப் லைட் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. எனும் ஒளி உணர்திறன் 6400 கேட்ட காட்சி 1600-இல் முடிந்துவிடும். படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் குறையும்.

இரண்டாவது, பின்னணி மங்குவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மில்லிமீட்டரை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் துளை அகலம் கிடைக்கும். முகத்தைச் சட்டத்தில் ஒரே அளவுக்கு வைத்து எடுத்தால், தூரத்துப் பின்னணி எவ்வளவு மங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த அகலம்தான். கிட் லென்ஸுக்கு 50-ஐ 5.6-ஆல் வகுத்தால் 9 மி.மீ. சிக்மாவுக்கு 18. டாம்ரானுக்கு 25. எஃப் 4 என்று நீங்கள் ஒதுக்கப் பார்த்த சோனி 18-105-க்கோ, 105-ஐ நாலால் வகுத்தால் 26! பின்னணியை மங்கவைப்பதில் அது டாம்ரானுக்குச் சளைத்ததல்ல, சிக்மாவைத் தாண்டிவிடுகிறது. ‘எஃப் 2.8 என்றால் மங்கல், எஃப் 4 என்றால் தெளிவு’ என்று கடையில் சொன்னது அரைகுறைப் பேச்சு.

ஆனால் அந்த 105-ஐப் பயன்படுத்த இடம் வேண்டும். தலையும் தோளும் எடுக்கவே பத்து அடி. ஆளை முழுதாக நிற்கவைத்து எடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய இருபத்தொன்பது அடி. உங்கள் கூடத்தின் நீளம் பதினாறு அடி என்று எழுதியிருக்கிறீர்கள்; மீதிக்கு அடுத்த வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அதோடு, எந்த லென்ஸாக இருந்தாலும் அப்பா சுவரில் சாய்ந்திருக்கும்வரை சுவர் மங்கப் போவதில்லை. அவரை வாசலுக்குப் பக்கமாக எட்டுப் பத்து அடி முன்னால் கொண்டுவாருங்கள்.

நடுக்கம் உங்களுடையதா, மகளுடையதா?

டாம்ரானில் வி.சி. என்ற நடுக்கத் தடுப்பு இருக்கிறது, சிக்மாவில் இல்லை; ஏ6400-இன் உடலுக்குள்ளும் கிடையாது. இது வரை நீங்கள் அறிந்து எழுதியது சரி. “ஆகவே டாம்ரானில் மகள் கலங்க மாட்டாள்” என்று முடித்ததுதான் தவறு. நடுக்கத் தடுப்பு உங்கள் கையை மட்டுமே அறியும். உங்கள் கிட் லென்ஸிலும் அதே வசதி இருக்கிறது, மகள் கலங்கித்தானே விழுந்தாள்? பாவாடை சுழல அவள் திரும்பும் படம் 1/30 வினாடியில் எடுக்கப்பட்டிருக்கிறது. தூண் தெளிவாக நிற்கிறது, குழந்தை புகையாகப் பறக்கிறாள். அசைந்தது நீங்கள் அல்லர் என்பதற்குத் தூணே சாட்சி. ஓடும் குழந்தைக்குக் குறைந்தது 1/250 வேண்டும். ஷட்டரை அங்கே நிறுத்திவிட்டு ஐ.எஸ்.ஓ.வைத் தானாக ஏறவிடுங்கள். புள்ளிகள் விழுந்த சிரிப்பைப் பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பீர்கள். கலங்கிய சிரிப்பை மறுநாளே அழித்துவிடுவீர்கள்.

நடுக்கத் தடுப்பு பயன்படுவது அசையாதவரிடம். சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படிக்கும் அப்பா, விளக்கேற்றிய பிரகாரம், கல்தூண். அங்கே 1/15 வினாடியிலும் கையில் பிடித்து எடுக்கலாம். உங்கள் படங்களில் பாதி அப்படிப்பட்டவை என்பதால்தான் இதை ஒதுக்கிவிடச் சொல்ல மனம் வரவில்லை.

மூன்றில் எது?

கடைக்காரர் இடையில் நுழைத்த நாலாவதை முதலில் தள்ளிவிடுவோம். “ஃபுல் ஃபிரேம் 24-70 வாங்கினால் பிற்காலத்துக்கும் ஆகும்” என்றாராம். உங்கள் கேமராவில் அந்த 24, 36 போல ஆகிவிடும். பதினாறு அடிக் கூடத்தில் பொங்கலுக்குக் கூடும் உறவினரை அதற்குள் அடக்க முயன்றால் இரண்டு சித்தப்பாக்கள் வெளியே நிற்பார்கள். வாங்காத கேமராவுக்கு லென்ஸ் வாங்க வேண்டாம்.

சோனி 18-105 நீங்கள் நினைப்பதைவிட நல்ல லென்ஸ். 427 கிராம், ஜூம் செய்தாலும் நீளாது, வீடியோவுக்கு அருமை. திறந்த வெளியில், பகலில், தூரத்திலிருந்து எடுப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். நீங்கள் வீட்டுக்குள், மாலையில் எடுப்பவர். ஆண்டு விழா மேடைக்கு 105 வேண்டும் என்பது உங்கள் வாதம். முப்பது அடி தூரத்தில் உட்கார்ந்தால் 70 மி.மீ. மேடையில் பத்து அடி அகலத்தைக் காட்டும். 105 ஏழு அடிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். 70-இல் எடுத்ததை 105 அளவுக்கு வெட்டினாலும் 24 மெகாபிக்சலில் பத்துக்கு மேல் மிஞ்சும். ஏ4 அளவில் அச்சிட அது தாராளம். மேடையில் இரு மடங்கு வெளிச்சம் இந்த ஏழு அடியைவிடப் பெரிய லாபம். அதிலும் நீங்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியை. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தால் யார் எழுப்பப் போகிறார்கள்?

மிஞ்சியவை இரண்டு. சிக்மா 290 கிராம், உள்ளங்கையில் அடங்கும். கேமராவோடு சேர்த்து எழுநூறு கிராமுக்குள். விலையும் டாம்ரானைவிடக் குறைவு. டாம்ரான் 525 கிராம். கேமராவின் 403-ஐயும் சேர்த்தால் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்துக்கு எழுபது கிராம்தான் குறைவு. முன்பாரம் இழுக்கும், இடது கையால் லென்ஸைத் தாங்கியே பிடிக்க வேண்டும். பள்ளிக்கும் கோயிலுக்கும் பஸ்ஸில் போகிறவருக்கு இந்த 235 கிராம் சின்ன விஷயமில்லை. வீட்டிலேயே தங்கிவிடும் லென்ஸைவிடப் பைக்குள் வரும் லென்ஸ் மேல் என்பது என் பொதுவான கட்சி. எனக்கே ஒன்று வாங்குவதாக இருந்தால் சிக்மாதான்.

உங்களுக்கு டாம்ரானைச் சொல்கிறேன். ஒரே லென்ஸ் என்பதில் உறுதியாக இருக்கிறீர்கள். அசையாத அப்பாவும் இருண்ட பிரகாரமும் உங்கள் படங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. 50-ஐத் தாண்டி 70 மி.மீ. வரை போனால்தான் அவரைத் தொந்தரவு செய்யாமல் தள்ளி நின்று எடுக்க முடியும். ‘கேமராவைப் பார்த்ததும் விறைத்துக்கொள்கிறார்’ என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காகவே ஏழு அடி தூரம் தேவைப்படுகிறது.

இந்த உறுதியைக் கொஞ்சம் தளர்த்த முடியுமானால் இன்னொரு வழி உண்டு: சிக்மாவை வாங்கி, மிச்சப் பணத்தில் சோனியின் 50 மி.மீ. எஃப் 1.8 ஓ.எஸ்.எஸ். என்ற சிறு லென்ஸையும் வாங்குவது. பழையது கிடைத்தாலும் சரி. ஜூம் கிடையாது. ஆனால் துளை அகலம் 28 மி.மீ., நடுக்கத் தடுப்பும் உண்டு, எடை இருநூறு கிராம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்கென்று அதை மாட்டுங்கள். மற்ற ஆறு நாளும் சிக்மா. இரண்டும் சேர்ந்தே டாம்ரானின் எடையைத் தாண்டவில்லை.

எதுவானாலும் இரண்டு வாரம் கழித்து வாங்குங்கள். அதுவரை கேமராவை இயக்கியதும் 50-க்குத் தள்ளிவிட்டு, அங்கேயே வைத்து எடுங்கள். ‘இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வரக் கூடாதா’ என்று எத்தனை முறை தோன்றியது, ‘சுவர் முதுகில் இடிக்கிறதே’ என்று எத்தனை முறை தோன்றியது என்பதை ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். முதல் பக்கம் கனத்தால் டாம்ரான். இரண்டாவது கனத்தால் சிக்மா.

பில் இல்லாமல் நாலாயிரம் குறைவு

வேண்டாம். பில் இல்லாத லென்ஸ் பெரும்பாலும் இந்திய உத்தரவாதம் இல்லாத லென்ஸ். அந்தத் துளை திறக்கும் மோட்டார் ஆறாவது மாதம் நின்றுபோனால் நாலாயிரம் எங்கே நிற்கும்? ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள், லென்ஸின் வரிசை எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

பழைய லென்ஸ் என்றால் மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நாலைந்து தூசி கிடந்தால் பொருட்படுத்த வேண்டாம். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காவிரிப் பாசன ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் புதிய லென்ஸுக்கும் அந்த ஆபத்து உண்டு. தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஒன்று. மானி 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அன்றாடப் படங்களுக்கு மொபைல் தாராளமாகப் போதும். அதற்காக அவரோடு சண்டை போட வேண்டாம். மொபைலின் பின்னணி மங்கல் கணக்குப் போட்டு வரைவது. அப்பாவின் மெல்லிய நரைமுடியையும் மூக்குக்கண்ணாடிக் கம்பியையும் அது பல நேரம் சுவரோடு சேர்த்து அழித்துவிடும். பெரிதாக்கிச் சட்டம் போடும்போது அது கண்ணில் உறுத்தும். இந்த ஒன்றை மட்டும் அவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கே. காலை ஏழரை மணிக்கு மேல், வெயில் நேராக விழாத பக்கத்து வாசலில், நிலைக்கு ஓரடி உள்ளே அப்பாவை உட்காரவையுங்கள். முகம் வாசலுக்குச் சற்றுச் சாய்வாக இருக்கட்டும்; பின்னால் கூடத்தின் இருட்டு தானாகவே திரை போட்டுக்கொள்ளும். இருட்டுப் பின்னணிக்கு அந்தக் கூட்டல் திருத்தம் தேவையில்லை, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இருக்கும் கிட் லென்ஸ், 50 மி.மீ., எஃப் 5.6, ஐந்து அடி தூரம், அவருடைய இடது கண்ணில் ஃபோகஸ். நீங்கள் கேமராவோடு நிற்கும்போது, அவர் பார்த்த முதல் வேலையைப் பற்றி மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவள் பக்கம் திரும்பிப் பதில் சொல்லத் தொடங்கியதும் எடுக்க ஆரம்பியுங்கள்.